பதிவுத் தபால் வந்து சேர்ந்தது

சண்டை பிடிக்க ஆளில்லாமல் பண்ணிவிட்டுப் போன என் மாமாவுக்கு,

உங்களுக்குச் சொல்ல ஒரு செய்தி இருக்கிறது. ஆனால் உடனே சொல்லமாட்டேன். கடிதத்தைப் பிரித்ததும் கடைசி வரியை முதலில் பார்க்கிற உங்கள் பழக்கம் எனக்குத் தெரியும். தபாலதிபராக இருந்த மனுசன் செய்கிற வேலையா அது? இந்தமுறையாவது தொடக்கத்திலிருந்து ஒழுங்காக வாசியுங்கள்.

தமிழ்ச் சங்கத்தின் சித்திரை மலருக்கு உங்களைப் பற்றி ஒரு பக்கம் எழுதித் தரச் சொன்னார்கள். 'அன்னார் ஓய்வுபெற்ற தபாலதிபர், அமைதியே உருவானவர்' என்று தொடங்கினேன். அமைதி என்ற சொல்லிலேயே சிரிப்பு வந்து பேனையை வைத்துவிட்டேன். உப்புக் கூடிப்போச்சு, கார் வேகமாய்ப் போகுது, செய்திக்காரன் இங்கிலிசைக் கொல்லுறான் என்று காலையிலிருந்து மாலைவரை ஓயாத வாய் உங்களுடையது. அதனால் உங்களுக்கே எழுதிவிடுகிறேன். மற்றவர்கள் ஒட்டுக்கேட்டால் கேட்கட்டும்.

இத்தனைக்கும் நீங்கள் ஒக்லண்டுக்கு வந்து இறங்கிய புதிதில் எனக்கு உங்களோடு என்ன கதைப்பதென்றே தெரியாது. ஊரில் மாமனாரான உங்கள் முன்னால் நான் கதிரையில்கூட இருந்ததில்லை. உங்கள் மகன் ஈஸ்ட் டாமாக்கித் தொழிற்சாலைக்குப் போய்விட்டால், கிளென் ஈடனில் அந்தச் சின்ன வீட்டுக்குள் நானும் நீங்களும் மட்டும். நீங்கள் தேத்தண்ணி போடக் குசினிக்குள் வந்தால் நான் உடுப்புக் காயப்போட வெளியே போய்விடுவேன். காய்ந்த உடுப்பை எடுத்து மறுபடி காயப்போட்ட நாட்களும் உண்டு, மாமா. இதை இப்போதுதான் சொல்கிறேன்.

பிறகு ஒருநாள் பாண் வாங்கப் போன நீங்கள், மூலைக்கடை டெய்ரியின் கண்ணாடியில் ஒட்டியிருந்த அறிவித்தலைப் பார்த்துவிட்டு மூச்சு வாங்க வந்தீர்கள்.

"பிள்ளை, மேற்குக் கரையிலை சீல் பாக்கிறதுக்கு ஆக்கள் வேணுமாம். சம்பளம் இல்லை, சேவை. சனிக்கிழமை ஹோலிலை கூட்டம். என்னைக் கொண்டுபோய் விடுறியோ?"

எனக்கும் அதில் ஒன்றும் பிழையாகத் தெரியவில்லை. தபால் பையின் வாயைக் கட்டி, ஈயத்தால் சீல் வைத்து அனுப்புவார்கள் என்று எத்தனை தரம் சொல்லியிருக்கிறீர்கள்! கப்பலில் வந்த பையில் சீல் உடைந்திருக்கிறதா என்று பார்ப்பதிலேயே உங்கள் பாதிச் சேவைக்காலம் போனதென்றும் சொல்லியிருக்கிறீர்கள். கரை என்றால் துறைமுகம், சீல் என்றால் தபால் பை. நீங்கள் கழுத்துப் பட்டி கட்டி, சேவைச் சான்றிதழ் வைத்த கோப்பையும் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு காரில் ஏறினீர்கள்.

அந்த ஹோலில் இருந்தவர்கள் எல்லாரும் கம்பளிச் சட்டையும் சேற்றுச் சப்பாத்துமாக இருந்தார்கள். கூட்டத்தை நடத்திய ஜோன் என்ற வெள்ளைக்கார அம்மா, ஒவ்வொருவராகப் பெயரைக் கேட்டுக்கொண்டு வந்தவர், உங்களிடம் வந்ததும் சீல்களோடு ஏதும் அனுபவம் உண்டா என்று கேட்டார். நீங்கள் எழுந்து நின்றீர்கள்.

"தேர்ட்டி ஒன் இயர்ஸ், மேடம்."

முழு ஹோலும் கைதட்டியது. ஜோன் உங்கள் கையைப் பிடித்துக் குலுக்கினார். பிறகு விளக்கை அணைத்துப் படம் போட்டார்கள். பாறையில் மீசையோடு படுத்திருந்த கொழுத்த ஒன்று, எங்கள் இரண்டு பேரையும் பார்த்துக் கொட்டாவி விட்டது. நீங்கள் மெல்ல என் பக்கம் சரிந்தீர்கள்.

"பிள்ளை, இது கடல்நாயெல்லே?"

"ஓம் மாமா. இங்கிலிசிலை இதுவும் சீல்தான்."

"அப்ப பை எங்கை?"

சிரிப்பை அடக்க முடியாமல் சேலைத் தலைப்பை வாய்க்குள் அடைத்துக்கொண்டேன். உங்கள் பக்கத்தில் இருந்து சிரித்தது அதுதான் முதல்தரம். "எழும்பிப் போவமே மாமா?" என்றேன். "பேசாமல் இரு. பேர் குடுத்தாச்சு. கைதட்டும் வாங்கியாச்சு" என்றீர்கள். இலங்கையில் கடல்நாய் இல்லை என்பதை ஜோனுக்கு நீங்கள் சொன்னது எத்தனை மாதம் கழித்து? சொன்னபோது அவர் காரின் கதவைப் பிடித்துக்கொண்டு சிரித்தாரே, கண்ணீர் ஓட!

அப்படித்தான் எங்கள் சனிக்கிழமைகள் தொடங்கின. எங்களுக்குக் கொடுத்த பகுதி முரிவாய்க் கடற்கரையின் தென்பக்கத்துப் பாறைகள். 'முறிவாய்' என்றுதான் கடைசிவரை சொன்னீர்கள். முதல்நாளே காற்றில் தும்மி, பல்செட் மணலில் விழுந்ததால் பெயர் பொருத்தம் என்றும் சொன்னீர்கள். கறுப்பு மணலில் வெள்ளைப் பல்லைத் தேடி எடுத்தவள் நான். அதற்குப் பிறகு மாமனார், மருமகள் என்ற கூச்சம் எங்கே மிஞ்சும்? ஒரே பிளாஸ்கிலிருந்து தேத்தண்ணி குடித்தோம். பாறையில் பக்கத்தில் பக்கத்தில் இருந்தோம். ஊர்ச்சனம் கண்டிருந்தால் மயங்கி விழுந்திருக்கும்.

எத்தனை கடல்நாய், எந்தப் பாறை, எத்தனை மணிக்கு வந்தது, எப்போது தண்ணீருக்குள் போனது, காயம் உண்டா என்று படிவத்தில் எழுதவேண்டும். மற்றவர்கள் 'ஏறக்குறைய பத்து' என்று எழுதிவிட்டுப் போய்விடுவார்கள். நீங்கள் விடுவீர்களா? "ஏறக்குறைய எண்டு ஒரு விலாசமும் இல்லைப் பிள்ளை. திரும்ப எண்ணு." மழையில் நனைந்து மூன்றாம்தரம் எண்ணியபோது உங்களை எப்படித் திட்டினேன் என்று நினைவிருக்கிறதா? எண்ணி முடிந்ததும் காற்சட்டைப் பையிலிருந்து அந்தத் திகதி முத்திரையை எடுப்பீர்கள். நாள், மாதம், வருடம் என்று சின்னச் சின்ன ரப்பர் பட்டிகளைத் திருப்பி, வாயால் ஊதி, படிவத்தின் மூலையில் டொக்கென்று குத்துவீர்கள். கடையில் வாங்கிய சாதாரண முத்திரைதான். ஆனால் ஜோன் அதைக் கண்டதிலிருந்து, முத்திரை இல்லாத படிவத்தை எங்கள் இரண்டு பேரிடமும் வாங்க மறுத்துவிட்டார்.

"என்ன அப்பா, சீல் ஒண்டும் உடையேல்லையே?" என்று உங்கள் மகன் ஒவ்வொரு சனிக்கிழமையும் பகிடி பண்ணுவார். ஒருதரம்கூட எங்களோடு வந்ததில்லை. அப்பாவுக்கும் மருமகளுக்கும் விசர் என்பது அவருடைய தீர்ப்பு.

அவளை முதலில் கண்டது நீங்கள். இடது முன்துடுப்பின் நுனியில், யாரோ கத்தரியால் வெட்டி எடுத்ததுபோல ஒரு துண்டு இல்லாத பெண் கடல்நாய். மற்றவை வரும், போகும், எது எதுவென்று தெரியாது. இவளை எங்கே கண்டாலும் தெரியும். "இலக்கம் போட்ட கடிதம் மாதிரி. பதிவுத் தபால்" என்றீர்கள். பெயர் ஒட்டிக்கொண்டது. ஜோனின் பட்டியலில் அவள் 'ரெஜிஸ்டர்ட்', ஜோனின் வாயில் 'ரெஜி'. மூன்று கிழமை காணாமல் போவாள். நான் பதறுவேன். "பதிவுத் தபால் பிந்தும், தொலையாது" என்று நீங்கள் பிளாஸ்கைத் திறப்பீர்கள்.

அதே வார்த்தையை இன்னொரு தரமும் சொன்னீர்கள். ஊரே இடம்பெயர்ந்து, என் அம்மாவிடமிருந்து நாலு மாதமாகக் கடிதமே வராத காலம். நான் தபால்பெட்டியைப் பார்க்கப் பயந்து, வேலைக்குப் பின்கதவால் போய்வந்தேன். உங்களுக்கு அது தெரிந்துவிட்டது. நாள்தோறும் பதினொரு மணிக்கு, குளிரிலும் கேற்றடியில் போய் நின்றீர்கள். ஒன்றும் இல்லாத நாட்களில் வெறுங்கையோடு வந்து, "பிந்தும். தொலையாது" என்றுமட்டும் சொல்வீர்கள். அந்தக் கடிதம் வந்த நாள் நீங்கள் அதைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு வேட்டி தடுக்க ஓடிவந்தீர்கள். வழியிலேயே பிரித்துக் கடைசி வரியை வாசித்தும்விட்டீர்கள். "அம்மா சுகமாம்!" அன்றைக்கு உங்களை நான் திட்டவில்லை.

சரி, அழவைக்க எழுத வரவில்லை. கதைக்கு வருகிறேன்.

போன ஆவணியில் நீங்கள் கண்ணை மூடியபின் நான் முரிவாய்க்குப் போகவில்லை. போக ஏலாது என்றுதான் சொல்லவேண்டும். உங்கள் முத்திரை கண்ணாடி அலுமாரியின் லாச்சிக்குள் கிடந்தது. அதில் நீங்கள் கடைசியாகத் திருப்பிவைத்த சனிக்கிழமை அப்படியே நின்றது. தூசு தட்டும்போது லாச்சியைத் திறப்பேன், பார்ப்பேன், மூடுவேன். அந்தப் பட்டியைத் திருப்பினால் உங்கள் கடைசிச் சனிக்கிழமை போய்விடுமே என்று ஒரு மூடத்தனம். யாரிடமும் சொல்லவில்லை.

மார்கழியில் ஜோன் தொலைபேசி எடுத்தார். எங்கள் பாறையில் ஒரு கடல்நாய் குட்டி போட்டிருக்கிறதாம். இந்தப் பாறைகளில் அவர் இதுவரை குட்டி கண்டதே இல்லையாம். "தாய் யாரென்று நீ வந்து பார்த்துச் சொல்லவேண்டும்" என்றார். போனேன். பாறை இடுக்கில் தலையணை அளவில் கறுப்பாக ஒரு சாமான் பால் குடித்துக்கொண்டிருந்தது. தாய் துடுப்பைத் தூக்கிச் சொறிந்தாள். இடது துடுப்பு. நுனியில் துண்டு இல்லை.

மாமா! பதிவுத் தபால்! உங்கள் பதிவுத் தபால் பிள்ளை பெற்றிருந்தாள்! நான் பாறையில் இருந்து "மாமா, மாமா" என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தேன். ஜோனுக்கு அந்தச் சொல் தெரியும். அவரும் "மாமா" என்றார்.

அதிலிருந்து மறுபடி சனிக்கிழமைகள். தாய் மீன் பிடிக்கக் கடலுக்குப் போவாள், இரண்டு நாளில் வந்துவிடுவாள். குட்டி இடுக்கில் கிடந்து காத்திருக்கும். படிவம் எழுதினேன், ஒழுங்காக எண்ணினேன், ஆனால் முத்திரை மட்டும் குத்தவில்லை. ஜோனும் அப்படியே வாங்கிக்கொண்டார்.

தை மாதக் கடைசி நீள்விடுமுறை வந்தது. வியாழன் காலை போன தாய் வெள்ளி வரவில்லை. சனியும் இல்லை. வெயிலுக்குப் பாதி ஒக்லண்டும் கடற்கரையில் நின்றது. கட்டாத நாய்கள், கமரா தூக்கிய பிள்ளைகள். வனத்துறை உத்தியோகத்தர் வந்து பார்த்தார், நல்ல மனுசன். ஆட்கள் இவ்வளவு கிட்டப் புழங்கினால் தாய் கரையேறப் பயப்படும் என்றார். திங்கள் பின்னேரம் ஆறு மணிவரை பார்ப்போம், வராவிட்டால் குட்டியைக் கொண்டுபோய்ப் பராமரிக்கத்தான் வேண்டும் என்றார். கொண்டுபோனால் திரும்ப இந்தப் பாறைக்கு வருமா என்று கேட்டேன். அவர் தொப்பியைச் சரிசெய்துகொண்டு மேட்டுப் பக்கம் நடந்தார்.

எங்கள் வேலை ஒன்றே ஒன்று. இருபது மீற்றருக்குக் கயிறு கட்டி, ஒருத்தரையும் உள்ளே விடாமல் நிற்பது. பகல் முழுக்க முறைவைத்து நின்றோம்.

சனிக்கிழமை யார் வந்தது தெரியுமா? நம்முடைய சங்கம்! ஒன்றுகூடலை முரிவாயில் வைத்திருந்தார்கள். கட்லட் கொண்டுவருகிறேன் என்று பெயர் கொடுத்திருந்த நான், தொண்டர்களின் மஞ்சள் சட்டை போட்டுக் கயிற்றடியில் நிற்கிறேன். புஷ்பம் அன்ரியை உங்களுக்குத் தெரியும்தானே, உங்கள் பல்செட்டுக் கதையைக் கோயில் முழுக்கப் பரப்பியவர். குட்டி கத்துகிற சத்தம் கேட்டதும் ஒரு பால் போத்தலோடு வந்துவிட்டார்.

"ஐயோ, பச்சைக் குழந்தையெல்லே! கத்துது! தள்ளு வதனி, இந்தப் பாலை வைச்சிட்டு வாறன்."

"கிட்டப் போகேலாது அன்ரி. தாய் வந்து குடுக்கும்."

"நாய்க்குட்டி எண்டால் பால் குடிக்கும்தானே? நாலு பிள்ளை பெத்தவளுக்கு நீ படிப்பிக்கிறியோ?"

"அது நாயில்லை அன்ரி. நாங்கள்தான் தமிழிலை அப்பிடிப் பேர் வைச்சிருக்கிறம். மாட்டுப்பால் குடிச்சால் செத்துப்போம்."

செத்துப்போம் என்றதும் போத்தல் கீழே இறங்கியது. அதற்குப் பிறகு நடந்ததுதான் வேடிக்கை. அன்ரி ஒரு மடக்குக் கதிரையைக் கொண்டுவந்து கயிற்றடியில் போட்டு இருந்துகொண்டார். கிட்ட வந்த வெள்ளைக்காரனை எல்லாம் "நோ! நோ! மதர் கமிங்!" என்று விரட்டினார். மனுசி கத்திய கத்தில் ஒரு பெரிய நாய் வாலைச் சுருட்டிக்கொண்டு திரும்பி ஓடியது. ஒன்றுகூடலுக்கு த்ரீ கிங்ஸ் பகுதியிலிருந்து வந்த மலேசியா சாந்தி என் கையிலிருந்த எச்சரிக்கைப் பலகையைப் பிடுங்கினாள்.

"நீங்க போய் சாப்பிடுங்க லா, அக்கா. நான் நின்னு பாத்துக்கறேன். எங்க வீட்ல பூனை குட்டி போட்டாலே நான்தான் காவல்."

ஞாயிற்றுக்கிழமையும் அவர்கள் வந்தார்கள், மாமா. யாரும் கூப்பிடாமல்.

தாய்தான் வரவில்லை.

திங்கட்கிழமை குட்டி கத்துவதை நிறுத்திவிட்டது. அதுதான் எனக்குப் பெரிய பயம். பின்னேரம் மூன்று மணிக்கு மழை பிடித்தது. கூட்டம் கலைந்து வீட்டுக்குப் போனது. ஜோனும் நானும் மட்டும் நின்றோம். நாலு மணிக்கு உத்தியோகத்தரின் வண்டி வந்து மேட்டில் நின்றது. பின்பக்கத்தில் ஒரு கூடு. நான் அதைப் பார்க்காமல் கடலைப் பார்த்தேன். பிந்தும், தொலையாது என்று வாய்க்குள் சொல்லிக்கொண்டேன். நம்பித்தான் சொன்னேனோ? தெரியாது. நீங்கள் கேற்றடியில் நின்றபோது நம்பித்தான் சொன்னீர்களா, இல்லை எனக்காகவா? கேட்காமலே விட்டுவிட்டேனே.

ஐந்து மணியிருக்கும். பின்னால் யாரோ சறுக்கி விழுந்து எழுகிற சத்தம். திரும்பினால் உங்கள் மகன்! விடுமுறையிலும் அவருக்கு வேலை. தொழிற்சாலைச் சட்டையோடு, முழங்காலெல்லாம் சேறாக, கையில் பிளாஸ்கோடு நிற்கிறார்.

"குடியும், ஆறப்போகுது" என்றார். பிறகு கடலைப் பார்த்துக்கொண்டே, "குட்டி ஏதும் சாப்பிட்டுதோ?" என்றார்.

"இல்லை."

அவர் பையைத் துழாவி எதையோ எடுத்து என் உள்ளங்கையில் வைத்தார். உங்கள் முத்திரை. மைப்பெட்டியும்.

"அப்பா எண்டால் கொண்டு வந்திருப்பார்" என்றார். அவ்வளவுதான்.

நான் அழத் தொடங்குவதற்குள் ஜோன் என் தோளை நெரித்தார். வெள்ளை நுரைக்கு நடுவில் ஒரு கறுத்த தலை. போனது, வந்தது, போனது. பிறகு அவள் பாறையில் ஏறினாள், நனைந்து பளபளவென்று, நன்றாகத் தின்று கொழுத்து. நின்று ஒரு குரல் கொடுத்தாள். பதில் இல்லை. இன்னொரு குரல். இடுக்கிலிருந்து ஆட்டுக்குட்டிபோல மெல்லிய சத்தம் வந்தது. அவள் துடுப்பை அடித்து அடித்து மேலே ஏறி வந்தாள். மூக்கோடு மூக்கை வைத்து மணந்து பார்த்தாள். சரிந்து படுத்தாள். குட்டி குடித்தது, மாமா! தலையால் இடித்து இடித்துக் குடித்தது!

கிட்ட நின்று சத்தம் போடக்கூடாதென்பது சட்டம். ஆகவே மூன்று பேரும் வாயைப் பொத்திக்கொண்டு மழையில் குதித்தோம். ஜோன் உங்கள் மகனைக் கட்டிப்பிடித்தார். உங்கள் மகன் என்னைக் கட்டிப்பிடித்தார், வெட்டவெளியில், உத்தியோகத்தர் பார்க்க. மேட்டில் அந்த மனுசன் தொப்பியைக் கழற்றி ஆட்டிவிட்டு, வெறுங்கூட்டோடு வண்டியைத் திருப்பினார்.

படிவத்தைக் குடைக்குள் பிடித்து எழுதினேன். பெரியது ஒன்று. சிறியது ஒன்று. நேரம் ஐந்து பத்து. இடது துடுப்பு சரி. பிறகு முத்திரையை எடுத்தேன். உங்கள் சனிக்கிழமை அதிலேயே நின்றது. ஒரு கணம் பார்த்தேன். நாளைத் திருப்பினேன். மாதத்தைத் திருப்பினேன். வருடத்தையும் திருப்பினேன். நான் பயந்ததுபோல நீங்கள் ஒன்றும் போய்விடவில்லை. வாயால் ஊதி டொக்கென்று குத்தினேன்.

"பதிவுத் தபால் எண்டால் வாங்கின ஆள் கையெழுத்து வைக்கவேணுமெல்லே?" என்றார் உங்கள் மகன். முத்திரைக்குக் கீழே தன் பெயரை எழுதினார். எழுத்து அப்படியே உங்களுடையது.

இப்போது சனிக்கிழமைகளில் அவரும் வருகிறார், உப்புக் கூடிப்போச்சு, கார் வேகம் எல்லாம் உங்களைப்போலவே சொல்லிக்கொண்டு. புஷ்பம் அன்ரி தனக்கும் மஞ்சள் சட்டை வேண்டுமென்று ஜோனிடம் கேட்டிருக்கிறார். குட்டிக்கு ஜோன் பெயர் கேட்டபோது நான் யோசிக்கவே இல்லை. பட்டியலில் இப்போது தாய் 'ரெஜிஸ்டர்ட்', பிள்ளை 'மாமா'. கோபிக்காதேயுங்கள், அதற்கும் வாய் ஓய்வதில்லை.

மழையோ வெயிலோ, நான் அந்தப் பாறைக்குப் போவேன், மாமா. மூன்றுதரம் எண்ணுவேன். 'ஏறக்குறைய' என்று ஒருநாளும் எழுதமாட்டேன்.

முறிவாய்க் கிளைப் பொறுப்பை உங்களிடமிருந்து ஏற்றுக்கொண்ட,
உங்கள் வாயாடி மருமகள்
வதனி